அலகு இழந்த கழுகு

திறனாய்வு என்றதும் கவிதை, புதினம், சிறுகதை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இன்று நம் இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்படும் எழுத்து இவற்றுள் எதுவுமன்று. காலையில் கைப்பேசியைத் திறந்தவுடன் வந்து குவிந்திருக்கும் வியப்புச் செய்திகளும், வேடிக்கைப் படங்களும், 'உங்களுக்குத் தெரியுமா?' என்று தொடங்கும் துணுக்குகளுமே அந்த எழுத்து. இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் எவரோ கண்டெடுத்த ஒன்று, கைமாறிக் கைமாறி, நம் பங்கின் மூத்தோர் வரை வந்து சேர்கிறது. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பகம் இல்லை, படிப்பவரே அடுத்த நொடியில் பதிப்பாளராகி விடுகிறார். இத்தனை பேர் படிக்கும் ஒன்றைத் திறனாய்வாளர் எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை. ஆகவே அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு செய்யுளை ஆய்வது போல் ஆய்ந்து பார்க்க விழைகிறேன். இந்த ஒன்றைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமும் உண்டு. ஞாயிறு மறையுரையில் நானே அதை முழங்கியிருக்கிறேன்.

வாசகர்களில் பலர் இதைப் படித்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். கழுகு எழுபது ஆண்டுகள் வாழுமாம். ஆனால் நாற்பதாம் வயதில் அதன் நகங்கள் வளைந்து, இரையைப் பற்றும் திறனை இழந்துவிடுமாம். அலகு மார்பை நோக்கி வளைந்துவிடும். சிறகுகள் தடித்துப் பாரமாகிவிடும். அப்போது அதற்கு இரு வழிகளே உண்டு. ஒன்று, சாவது; மற்றொன்று, 150 நாள்கள் நீளும் வேதனையை ஏற்பது. கழுகு மலையுச்சிக்குப் பறந்து சென்று, பாறையில் அலகை மோதி மோதி உடைத்தெறிகிறது. புதிய அலகு வளரும் வரை காத்திருந்து, அதைக்கொண்டு பழைய நகங்களைப் பிடுங்குகிறது. புதிய நகங்கள் முளைத்ததும் அவற்றால் பழைய சிறகுகளைப் பிய்த்தெறிகிறது. ஐந்து மாதங்களுக்குப் பின் புதுப் பறவையாக எழுந்து, இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்கிறது.

இதை எழுதியவர் எவராயினும் எழுதத் தெரிந்தவர். அலகு, நகம், சிறகு என்று மூன்று படிகளில் கதை ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் பெற்றதே கருவியாகிறது. நாற்பது, எழுபது, நூற்றைம்பது என்ற எண்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை போல் நம்பிக்கை ஊட்டுகின்றன. நாற்பது என்ற எண்ணின் தேர்வு குறிப்பாகப் பாராட்டத்தக்கது. தலை நரைக்கத் தொடங்கும் வயதில் இதைப் படிப்பவர் தம்மையே கழுகாகக் காண்கிறார். நானும் அப்படித்தான் கண்டேன். திருப்பாடல் 103இல் இளமை கழுகினுடையது போல் புதுப்பிக்கப்படும் என்ற வாக்கு வரும் ஞாயிறன்று, இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும் என்று மகிழ்ந்து, ஓர் எண்ணையும் விடாமல் சொல்லி முடித்தேன். கோவில் முழுவதும் அமைதியாகக் கேட்டது. மறையுரையாளனுக்கு அந்த அமைதி தரும் மயக்கம் தனி.

மயக்கம் தெளிய அன்று பிற்பகல் மறைக்கல்வி வகுப்பு வரை ஆயிற்று. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சாமி, அலகு இல்லாம அஞ்சு மாசம் அந்தக் கழுகு என்னத்தச் சாப்பிடும்?" என்று கேட்டாள். அவள் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை; பறவை பட்டினி கிடக்குமே என்ற கவலையோடு கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. 'அடுத்த வாரம் சொல்கிறேன்' என்றேன்.

விடையைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. கழுகின் அலகும் நகமும் நம் விரல்நகம் போன்ற பொருளால் போர்த்தப்பட்டவை. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே, தேய்ந்துகொண்டே இருக்கும். சிறகுகளும் ஒரே வேளையில் உதிர்வதில்லை. பறக்கும் ஆற்றல் கெடாதவாறு சிறிது சிறிதாக உதிர்ந்து முளைக்கின்றன. அலகை முற்றிலும் உடைத்துக்கொண்ட கழுகு புதுப்பிறப்பு எடுப்பதற்குள் பசியால் மடிந்துவிடும். எழுபது ஆண்டு வாழ்வும் கற்பனையே. காட்டில் வாழும் வெண்தலைக் கழுகுகள் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்கின்றன. கால் வளையமிட்டுக் கண்காணிக்கப்பட்டவற்றுள் மிக மூத்தவற்றில் ஒன்று, 2015இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வண்டியில் அடிபட்டு இறந்தபோது அதற்கு வயது 38. நம் துணுக்கின்படி பார்த்தால், மலைக்குப் புறப்படுவதற்கே அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன!

செய்தி பொய் என்பதோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை தேவைப்பட்டிராது. பொய் எப்படி உருவாயிற்று என்று பின்னோக்கித் தேடியபோதுதான் சுவையான உண்மைகள் கிடைத்தன. திருப்பாடலில் வரும் 'நெஷெர்' என்ற எபிரேயச் சொல் கழுகையும் குறிக்கும், பிணந்தின்னிப் பெருங்கழுகையும் குறிக்கும். மீக்கா நூலின் முதல் அதிகாரத்தில் அப்பறவையின் வழுக்கைத் தலை உவமையாக வருவதால், அங்கே பின்னதே பொருந்தும் என்பர் மறைநூல் அறிஞர். நம் துணுக்குக்குப் பொருத்தமான படத்தை இணைத்தவர் இதை அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்.

அடுத்து, முதல் கிறிஸ்தவ நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் தோன்றிய 'பிசியோலொகுஸ்' என்னும் விலங்குக் கதைத் தொகுப்பு. அதில் முதுமையுற்ற கழுகு கதிரவனை நோக்கிப் பறந்து, பழைய சிறகுகளையும் கண்களின் மங்கலையும் எரித்துக்கொண்டு, நீரூற்றில் மூன்று முறை மூழ்கி இளமை பெறுகிறது. திருமுழுக்கை விளக்க எழுந்த உருவகம் அது என்பது சொல்லாமலே விளங்கும். அங்கே அலகும் இல்லை, பாறையும் இல்லை.

அலகும் பாறையும் வருவது நம் புனித அகுஸ்தினாரிடம். ஆம், இந்த வாட்ஸ்அப் துணுக்கின் பாட்டனார் ஹிப்போ நகர் ஆயரே! திருப்பாடல் 103க்கான தம் விளக்கவுரையில் அவர் இதைச் சொல்கிறார். முதுமையில் கழுகின் மேல் அலகு அளவு மீறி வளர்ந்து, வாயைத் திறக்க இயலாமல் அது பசியால் மெலிகிறது. அப்போது அது அந்த மிகையான பகுதியைப் பாறையில் மோதித் தேய்த்து நீக்குகிறது. பிறகு உண்ணத் தொடங்குகிறது. உண்பதால் வலிமை திரும்புகிறது. அந்தப் பாறை கிறிஸ்து என்கிறார் அகுஸ்தினார். இக்கதை உண்மையா என்பதைப் பற்றி அவருக்கு ஐயம் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. வேறொரு திருப்பாடலின் விளக்கத்தில், பாம்பைப் பற்றியும் கழுகைப் பற்றியும் மக்கள் சொல்வன மெய்யாகவும் இருக்கலாம், வெறும் ஊர்ப்பேச்சாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறிவிட்டுத்தான் பொருளுரைக்கிறார். 'என்பர்' என்ற ஒரு சொல்லை அவர் கைவிடவில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் கைக்கு வந்த வடிவத்தில் 'என்பர்' உதிர்ந்து, அவ்விடத்தில் 'நாற்பது', 'எழுபது', 'நூற்றைம்பது' ஆகியவை முளைத்திருக்கின்றன.

உதிர்ந்தது அது மட்டுமன்று. இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அகுஸ்தினாரின் கழுகு உண்கிறது. துணுக்கின் கழுகு உண்பதேயில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது, பிரதியில் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்ற கேள்வியே. நேர்த்தியான பாடபேத ஆய்வு அது! திருப்பாடலிலும் முதலில் வருவது ஆண்டவர் நன்மைகளால் நிறைவளிப்பதுதான். இளமை புதுப்பிக்கப்படுவது அதன் விளைவு. அங்கே புதுப்பிப்பவர் இறைவன். துணுக்கிலோ புதுப்பிப்பது கழுகின் மனவுறுதி. இறைவனும் இல்லை, உணவும் இல்லை, பிற பறவை ஒன்றுகூட இல்லை. தன் உடலைத் தானே பிய்த்தெறியும் துணிவு மட்டும் உண்டு. மனிதன் தன் முயற்சியாலேயே மீட்படைய இயலும் என்று கருதிய பெலாஜியுசின் கொள்கையை எதிர்த்துத் தம் முதுமைக் காலம் முழுவதும் எழுதியவர் அகுஸ்தினார். அவருடைய கழுகே பெலாஜியுசின் பறவையாக மாறி நம் கோவில்களுக்குள் பறந்து வருகிறது. குருமடத்தில் இறையியல் பயின்ற நானே அதற்குக் கதவு திறந்துவிட்டேன்.

இதை வெறும் கொள்கைப் பிழையாக எண்ணி நான் ஆறுதல் கொண்டிருக்கக்கூடும், அடுத்து வந்த முதல் வெள்ளி இல்லாதிருந்தால். பக்கவாதத்தால் படுக்கையிலிருக்கும் ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டு சென்றேன். ஞாயிறு மறையுரையை அவருடைய பேரன் கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டியிருக்கிறான். "கழுகுக் கதை கேட்டேன் சாமி" என்றார். சற்று நேரம் கழித்து, "நான் எந்த மலைக்குச் சாமி பறக்க? கையத் தூக்கவே அடுத்தவ வேணும்" என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. தம்மால் இயலாத ஒன்றைச் செய்யாமல் விட்ட பாவத்தை அறிக்கையிடுபவர் போல் சொன்னார். அருகே மருமகள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். நான் ஏதோ தேற்றிவிட்டு வந்தேன்.

அப்படியானால் வியப்பானவற்றைத் தேடுவதும் பகிர்வதுமே தவறா? அகுஸ்தினாரைக் கேட்டால் அவர் முகம் சுளிக்கக்கூடும். தம் தன்வரலாற்றின் பத்தாம் பகுதியில், வயலில் முயலைத் துரத்தும் நாயைக் கண்டால் தம் மனம் அதன் பின்னே ஓடுவதாகவும், வீட்டிலிருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதையும் சிலந்தி தன் வலையில் ஈயைச் சிக்கவைப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவதாகவும் அவர் வருந்துகிறார். சிலந்தி வலைக்கே அவர் அப்படி மயங்கினார் என்றால், இன்றைய வலையை அவரிடம் காட்டத்தான் வேண்டுமா? புனித தோமா அக்குவினார் சற்றுப் பரிவானவர். அவருடைய பெருநூலின் 'சும்மா' என்ற இலத்தீன் பெயரைக் கேட்டு நாங்கள் குருமடத்தில் நகைத்ததுண்டு. அந்நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகத்தில் 166ஆம் கேள்வி அறிவு நாட்டத்தை நற்பண்பாகப் போற்றுகிறது. 167ஆம் கேள்வி வீண் ஆர்வத்தைக் குறை கூறுகிறது. உண்மையை அறிவது தன்னளவில் நல்லதே என்பதும், அதைத் தேடும் முறையிலும் நோக்கத்திலும்தான் கோணல் நேரும் என்பதும் அவர் முடிவு.

நான் அக்குவினார் பக்கம். சிறுவயதில் 'கல்கண்டு' இதழின் துணுக்குகளை நூலகத்தில் நின்றுகொண்டே படித்து வளர்ந்தவன் நான். அந்தத் துணுக்குகளுக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் பெயர் இருந்தது. பிழையென்றால் அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதலாம். இன்றைய இணையத்திலும் அத்தகைய பண்புடைய கண்டெடுப்புகள் இல்லாமலில்லை. எனக்கு மிகவும் பிடித்த இரண்டைச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில் ஒரு பழைய இலத்தீன் இலக்கணச் சுவடி உள்ளது. பிரிஸ்கியன் என்பவரின் இலக்கணத்தை, ஏறத்தாழ 850ஆம் ஆண்டில் அயர்லாந்துத் துறவியர் படியெடுத்தது. அதன் பக்கங்கள் அனைத்தையும் இன்று இணையத்தில் புரட்டிப் பார்க்கலாம். இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய துறவி ஒருவர், ஒரு பக்கத்தின் மேல் விளிம்பில் 'ஓகம்' என்னும் பண்டை அயர்லாந்துக் கீறல் எழுத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்திருக்கிறார். முந்தைய இரவு அளவு மீறி மது அருந்தியதால் வந்த மறுநாள் தலைவலியை அச்சொல் குறிப்பதாக அறிஞர்கள் படிக்கின்றனர். மடத்துத் தலைவர் படிக்க இயலாதிருக்கட்டும் என்றுதான் அந்த எழுத்தைத் தேர்ந்தாரோ என்னவோ! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தலைவலி நமக்குத் தெரிகிறது.

மற்றொன்று, குரோவேசியாவின் துப்ரோவ்னிக் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுப் பதிவேடு. 2011இல் அதைப் புரட்டிக்கொண்டிருந்த சரயேவோ நகர வரலாற்று ஆய்வாளர் ஒருவர், விரித்த இரண்டு பக்கங்களின் மேல் மையில் பதிந்த பூனையின் காலடிகளைக் கண்டார். எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கையில் பூனை மையில் கால் வைத்து, தாளின் குறுக்கே நடந்து போயிருக்கிறது. அவர் எடுத்த படம் பின்னர் உலகம் முழுவதும் பரவியது. அந்தப் படம் தரும் இன்பம் கலப்பற்றது. அது நம்மை எதையும் செய்யச் சொல்லவில்லை. நாற்பது வயதில் மாறச் சொல்லவில்லை. ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று மிரட்டவில்லை. கண்டவர் யார், கண்ட இடம் எது என்பது தெரியும். ஐயமுள்ளவர் துப்ரோவ்னிக் சென்று பார்க்கலாம். பூனையின் கால் அங்கே இருக்கிறது.

மெய்யாக இருக்கவேண்டிய கட்டாயம் எல்லா வேடிக்கைகளுக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை, 1822இல் லண்டனில் அச்சேறிய காலம் முதல் இன்றுவரை, நடந்த செய்தியாக எவரும் கொண்டதில்லை. குதிரை முட்டை என்றதுமே அது என்ன வகை எழுத்து என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம் ஆண்டவரின் உவமைகளும் அவ்வாறே. நல்ல சமாரியர் எந்த ஊரார், எந்த ஆண்டில் எரிகோ வழியே சென்றார் என்று எவரும் கேட்பதில்லை. கழுகுத் துணுக்கின் குற்றம் அது கதையாக இருப்பதன்று. கதை என்ற தன் உடையைக் களைந்துவிட்டு, உயிரியலின் உடையை அணிந்து வருவதே.

உடை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெண்ணிறக் குளிர்மேலங்கி அணிந்து நடப்பதாக ஒரு படம் பரவியது. என் நண்பரான குரு ஒருவரே, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி எனக்கு அனுப்பினார். அது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒருவர் வேடிக்கைக்காக உருவாக்கியது. அடுத்த ஆண்டு, 2024இன் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய பொய்ப் படங்களுக்குத் தாமும் இலக்கானதைத் திருத்தந்தை குறிப்பிட்டிருந்தார். மேலங்கியால் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் நம் கண்ணே நமக்குச் சாட்சி சொல்ல இயலாத காலம் வந்துவிட்டது என்பதை அது காட்டிற்று.

இணையத்தில் வியப்புகளைத் திரட்டிய ஒருவரையே திருச்சபை 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தியிருக்கிறது. 1991இல் பிறந்து 2006இல், பதினைந்தாம் வயதில் மறைந்த கார்லோ அக்குதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் இட்டவர். அவருடைய தொகுப்பில் என்னைக் கவர்வது, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் ஊர் இருப்பதே. லான்சியானோ என்றோ ஓர்வியேத்தோ என்றோ படித்தபின், நாம் அந்த ஊரின் வரலாற்றைத் தேடிச் செல்லலாம், கேள்வி கேட்கலாம், திருச்சபை எவ்வளவு தூரம் ஆய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். 'ஓர் ஊரில்' என்று தொடங்கும் புதுமைகள்தான் எனக்கு அச்சம் தருகின்றன. நம் பங்குகளில் சுற்றுபவற்றுள் பல அவ்வகையே.

மாணவிக்கு வாக்களித்த விடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அலகு இழந்த கழுகு ஒன்று மெய்யாகவே இருந்ததைக் கண்டேன். 2005இல் அலாஸ்காவில் ஒரு குப்பைக் கிடங்கில் பட்டினியால் வாடிக் கிடந்த பெண் வெண்தலைக் கழுகு அது. எவனோ துப்பாக்கியால் சுட்டதில் மேல் அலகின் பெரும்பகுதி சிதைந்துபோயிருந்தது. இரையைக் கொத்தவும் நீர் பருகவும் அதனால் இயலவில்லை. பறவைகளைப் பேணுவோர் அதை எடுத்து, கையால் ஊட்டி உயிர் காத்தனர். பின்னர் ஐடஹோ மாநிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட அதற்கு, 2008இல் ஒரு பொறியாளரும் ஒரு பல் மருத்துவரும் பிறரும் சேர்ந்து, கணினியில் வடிவமைத்து முப்பரிமாண அச்சில் வார்த்த செயற்கை அலகைப் பொருத்தினர். 'பியூட்டி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அலகு பெறும் வரை, ஆண்டுக்கணக்காக, அது பிறர் கையிலிருந்தே உண்டது.

மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னேன். ஞாயிறு சொன்னது பிழை என்பதையும் சொன்னேன். மாணவிக்கு அந்தப் பிழையைப் பற்றிக் கவலையில்லை. செயற்கை அலகு எப்படி ஒட்டியது என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முதல் வெள்ளியன்று மூதாட்டியிடம் படத்தைக் காட்டினேன். கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவரச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். "யாரு சாமி ஊட்டுனது?" என்றார். ஒரு பெண்மணி என்றேன். "மருமகளா?" என்று கேட்டார். வாசலில் நின்ற மருமகள் சிரித்துவிட்டார். பிறகு மூதாட்டி என் பக்கம் திரும்பி, "இதாச்சும் நெசமா சாமி?" என்றார்.

நெசந்தான் பாட்டி என்றேன். படத்தை மருமகளின் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்புமுன் அதன் கீழே ஊரின் பெயரையும் ஆண்டையும் தட்டச்சு செய்தேன். என் விரல்களுக்கு அது சற்று நேரம் பிடித்தது.